ஒரே எண், மூன்று மேசைகள்: சிங்கப்பூரில் ஒரு பொருளியல் வல்லுநரின் பாதை

ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் ஒரு நாள் காலை 8 மணிக்குச் சிங்கப்பூரில் இரண்டு அறிக்கைகள் பெரும்பாலும் ஒன்றாகவே வெளிவரும். ஒன்று, காலாண்டு வளர்ச்சி பற்றி வர்த்தக, தொழில் அமைச்சு தரும் முன்னோட்ட மதிப்பீடு. மற்றது, நாட்டின் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் கொள்கை அறிக்கை. எட்டு மணிக்கு முன்னால் அந்த வளர்ச்சி எண் அரசாங்க ரகசியம். எட்டு அடித்த மறுநொடி, ராஃபிள்ஸ் பிளேஸ் வங்கிகளுக்கு அது காசு. பல மாதம் கழித்து, இரண்டு மூன்று முறை திருத்தப்பட்ட பிறகு, கெண்ட் ரிட்ஜில் உட்கார்ந்திருக்கும் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு அது தரவு.

எண் ஒன்றுதான். ஆனால் அதை எப்போது பார்க்கலாம், யாரிடம் சொல்லலாம், கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பவை மூன்று மேசைகளிலும் வேறு வேறு. சிங்கப்பூரில் பொருளியல் வல்லுநர்கள் கல்வித்துறை, நிதித்துறை, அரசாங்கச் சேவை என மாறி மாறிப் போவது வாடிக்கை. மாறும்போது அவர்களைத் தடுக்கிவிழச் செய்வது பெரும்பாலும் படிப்பில் உள்ள குறை அல்ல. பழைய மேசையின் பழக்கத்தைப் புதிய மேசைக்கும் கொண்டு போவதுதான்.

நம் வீடுகளில் “எக்கனாமிக்ஸ் படிச்சா பேங்க் வேலை” என்று ஒரு கணக்கு உண்டு. பிள்ளை தொடக்கக் கல்லூரியில் எச்2 பொருளியல் எடுத்த அன்றே அந்தப் பேச்சு தொடங்கிவிடும். அந்தக் கணக்கு பாதி சரி. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

எண் பிறக்கும் இடம்

முன்னோட்ட மதிப்பீடு காலாண்டு முடிந்த இரண்டு வாரத்துக்குள் வந்துவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்றால், காலாண்டின் முதல் இரண்டு மாதத் தரவுகளை வைத்தே பெரும்பகுதி கணக்கிடப்படுகிறது. மூன்றாம் மாதத்தை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். அதனால்தான் அடுத்த மாதம் வரும் முழு அறிக்கையில் எண் மாறுகிறது. முன்னோட்ட எண்ணை வைத்து “பொருளியல் நிபுணர்கள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள்” என்று பேசுகிறவர்கள், மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்த தாளைப் பார்த்துக் குறை சொல்கிறார்கள்.

திருத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு தனி முகம் உண்டு. துவாஸ் பக்கம் உள்ள மருந்து ஆலைகள் ஒரு மருந்தின் மூலப்பொருளைச் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்கு மாறும்போது கலன்களைக் கழுவி, சரிபார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். அந்த இடைவெளியில் உற்பத்தி சரியும். விலை கூடிய மருந்து ஓடத் தொடங்கினால் துள்ளி ஏறும். ஒரு சில ஆலைகளின் கால அட்டவணை நாட்டின் தொழில் உற்பத்தி எண்ணையே ஆட்டிவிடுகிறது. ஆகவே மாதாந்தர எண் வந்ததும் அனுபவசாலி முதலில் தேடுவது, மருந்துப் பிரிவை நீக்கிய எண்ணை.

சீனப் புத்தாண்டு இன்னொரு பொறி. ஓராண்டு ஜனவரியில் வரும், மறு ஆண்டு பிப்ரவரியில் வரும். விடுமுறை நகர்வதால் ஏற்றுமதி ஒரு மாதம் சரிந்ததுபோலவும் மறுமாதம் எழுந்ததுபோலவும் தெரியும். இரண்டு மாதத்தையும் கூட்டி, முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதக் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவர் பிப்ரவரி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு “ஏற்றுமதி வீழ்ச்சி” என்று தலைப்புப் போடுவது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து.

விலைவாசியிலும் இதே கதை. எல்லாப் பொருள்களையும் சேர்த்த பணவீக்கம் ஒன்று. நாணய ஆணையம் கூர்ந்து பார்க்கும் மூலாதாரப் பணவீக்கம் இன்னொன்று. பின்னதில் தங்குமிடச் செலவும் தனியார் போக்குவரத்துச் செலவும் இல்லை. காரணம் எளிது. வாகன உரிமைச் சான்றிதழின் விலை ஏலத்தில் ஏறி இறங்கும். அது கார் வாங்காத குடும்பத்தைத் தொடாது. சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவருக்கும் “வாடகை” என்று ஓர் ஊகத் தொகை விலைக் குறியீட்டில் சேர்கிறது. அவர் கையிலிருந்து அந்தக் காசு போவதே இல்லை. இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டால் முழு வாதமும் சாய்ந்துவிடும்.

வங்கி மேசை: தெரியாத எல்லையை வரைவது

பெரும்பாலான நாடுகளில் மத்திய வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும். சிங்கப்பூரில் 1981 முதல் நாணய மாற்று விகிதம்தான் கருவி. நாட்டின் மொத்த வெளிநாட்டு வர்த்தகம் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இங்கே செலவாகும் ஒவ்வொரு வெள்ளியிலும் (சிங்கப்பூர் டாலரிலும்) சுமார் 40 காசு இறக்குமதிக்குப் போகிறது. தேக்கா சந்தையில் கூடையைக் கையில் எடுத்தாலே இது புரியும்: அரிசியும் பருப்பும் வெங்காயமும் இந்தியாவிலிருந்து, கீரையும் முட்டைக்கோசும் கேமரன் மலையிலிருந்து. சிங்கப்பூர் வெள்ளி வலுத்தால் அந்தக் கூடையின் விலையேற்றம் மட்டுப்படும். வட்டியை ஏற்றி வெங்காய விலையை அடக்க இந்தத் தீவால் முடியாது.

வெள்ளிக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. சரக்கே வராதபோது நாணயம் எவ்வளவு வலுவாக இருந்து என்ன பயன்? அந்த விவகாரம் நாணய ஆணையத்தில் தீரவில்லை; அரசாங்கங்கள் பேசி, சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுப்ப இந்தியா இணங்கிய பிறகே தீர்ந்தது.

இனி வங்கிப் பொருளியல் வல்லுநர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கிட்டத்தில் பார்க்கலாம். நாணய ஆணையம் சிங்கப்பூர் வெள்ளியை அமெரிக்க டாலரோடு மட்டும் கட்டுவதில்லை. முக்கிய வர்த்தகப் பங்காளிகளின் நாணயங்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடைக்கு எதிராக வெள்ளியின் மதிப்பை ஒரு பட்டைக்குள் வைத்திருக்கிறது. பட்டைக்கு மூன்று அம்சங்கள்: நடுக்கோடு எங்கே இருக்கிறது, அது எவ்வளவு சாய்வாக ஏறுகிறது, பட்டை எவ்வளவு அகலம். கூடையில் எந்த நாணயத்துக்கு எவ்வளவு எடை என்பதையும் சரியான சாய்வையும் அகலத்தையும் ஆணையம் வெளியிடுவதில்லை. “சாய்வு சற்றே குறைக்கப்படுகிறது” என்பதுபோல் சொற்களில்தான் அறிவிப்பு வரும்.

ஆகவே ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த மாதிரியை வைத்திருக்கிறது. முதலில் வர்த்தகப் புள்ளிவிவரங்களிலிருந்து எடைகளை ஊகித்து ஒரு தினசரிக் குறியீட்டைச் செய்வார்கள். ஆணையம் வாராந்தரச் சராசரிக் குறியீட்டை வெளியிடுகிறது. தங்கள் குறியீடு அதோடு ஒட்டிப் போகும்வரை எடைகளைத் திருத்துவார்கள். பிறகு முந்தைய அறிவிப்புகளின் தேதிகளை வைத்து நடுக்கோட்டை ஊகித்து, பட்டையை வரைவார்கள். இரு பக்கமும் 2 விழுக்காடு என்பது சந்தையில் பரவலாக வைத்துக்கொள்ளும் ஊகம்.

கணக்கு எப்படி ஓடும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. நடுக்கோடு இன்று 100, சாய்வு ஆண்டுக்கு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் நடுக்கோடு ஏறக்குறைய 100.5. பட்டையின் மேல் எல்லை 102.5, கீழ் எல்லை 98.5. உங்கள் குறியீடு 102.3 காட்டினால் வெள்ளி மேல் எல்லையை நெருங்கிவிட்டது. அதற்கு மேல் போனால் ஆணையம் வெள்ளியை விற்று இறங்க வைக்கும் என்று வணிகர்கள் நினைப்பார்கள். வங்கியின் பணம் அந்த நினைப்பின்மேல் நிற்கிறது.

எங்கே தவறுகிறது? முதல் தவறு, அமெரிக்க டாலருக்கு எதிரான விகிதத்தை மட்டும் பார்ப்பது. டாலருக்கு எதிராக வெள்ளி இறங்கிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், ரிங்கிட்டும் யென்னும் அதைவிட வேகமாக இறங்கினால், கூடைக்கு எதிராக வெள்ளி பட்டையின் உச்சியில் இருக்கலாம். இரண்டாவது, பழைய எடைகள். வர்த்தகத்தின் போக்குக்கு ஏற்ப ஆணையம் எடைகளை அவ்வப்போது மாற்றுகிறது. வங்கியின் மாதிரி பழையதிலேயே நிற்கும். உங்கள் குறியீட்டுக்கும் அதிகாரபூர்வக் குறியீட்டுக்கும் உள்ள இடைவெளி வாரக்கணக்கில் ஒரே திசையில் விரிந்துகொண்டே போனால், சந்தையில் ஏதோ நடக்கிறது என்று எண்ணாதீர்கள், மாதிரி பழுதாகிவிட்டது. மூன்றாவது, நாள்காட்டியை நம்புவது. 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஆணையம் ஐந்து முறை கொள்கையை இறுக்கியது. அவற்றில் இரண்டு, 2022 ஜனவரியிலும் ஜூலையிலும், வழக்கமான தேதிக்கு வெளியே திடீரென்று வந்தன. அப்போது ஆண்டுக்கு இரண்டு அறிக்கைகள்தான். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் காத்திருந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். 2024இலிருந்து அறிக்கை காலாண்டுக்கு ஒரு முறை வருகிறது.

இந்த மேசையின் அறம் ஒன்றுதான்: நேரத்தில் சொல். காலை 8.15க்குச் சொன்ன பாதி சரியான விளக்கம், மாலை 5 மணிக்குச் சொன்ன முழுச் சரியான விளக்கத்தைவிட வங்கிக்கு மதிப்பு. கணிப்பு தவறலாம், ஏன் தவறியது என்று மறுநாளே வாடிக்கையாளரிடம் சொல்லத் தெரிந்தவர் நிலைப்பார். இந்தப் பழக்கத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் முதல் ஆண்டிலேயே திணறுவார். அங்கே ஒரு கட்டுரை எழுதி, கருத்தரங்கில் அடி வாங்கி, ஆய்விதழுக்கு அனுப்பி, மறு ஆய்வாளர் கேட்டதையெல்லாம் திருத்தி, வெளிவர மூன்று நான்கு ஆண்டுகள் ஆவது சாதாரணம்.

1992இன் அந்த 4.6

ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு எண் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் வரலாற்றில் ஒரு வழக்கு இருக்கிறது. 1992 ஜூன் இறுதியில் பிசினஸ் டைம்ஸ் நாளிதழ் அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டு வளர்ச்சி மதிப்பீட்டை, 4.6 விழுக்காடு என்று, அரசாங்கம் அறிவிக்கும் முன்பே அச்சிட்டது. அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தின்கீழ் ஐந்து பேர்மீது வழக்கு. அவர்களில் ஒருவர் அப்போது நாணய ஆணையத்தின் பொருளியல் துறை இயக்குநராக இருந்த தர்மன் சண்முகரத்னம்.

எண்ணை அவர் எடுத்துக் கொடுத்தார் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அதன் ரகசியத்துக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாக இருந்தார் என்பதே 1994இல் உறுதியான குற்றம். அபராதம் 1,500 வெள்ளி. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் தகுதியை இழக்கும் வரம்பு அப்போது 2,000 வெள்ளி. 500 வெள்ளி கூடியிருந்தால் அவர் பிற்பாடு எடுத்த பாதை எப்படி ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வழக்கின் அரசியலை விட்டுவிட்டு வேலை முறையாகப் பார்த்தால், அது இந்தத் தொழிலின் மிக வழுக்கலான இடத்தைக் காட்டுகிறது. அரசாங்கப் பொருளியல் அதிகாரி வங்கிக்காரர்களைச் சந்திக்காமல் இருக்க முடியாது. சந்தையில் என்ன நடக்கிறது என்று அவர்களிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறார். அவர்களும் எதையாவது தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்கள். கசிவு பெரும்பாலும் துரோகமாக நடப்பதில்லை. மேசைமேல் திரும்பிக் கிடக்கும் தாள், ஒரு தலையசைப்பு, “எங்களுக்குப் பெரிய கவலை இல்லை” என்ற ஒரு வரி. எதிரே இருப்பவர் அதே எண்ணை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பவர். அவருக்கு அது போதும். அரசாங்கத்தை விட்டு வங்கிக்குப் போன பிறகும் சட்டம் விடாது. பதவியில் இருந்தபோது அறிந்த ரகசியம் பதவி போனாலும் ரகசியமே.

மூன்று மேசையிலும் இருந்தவர்கள்

கோ கெங் சுவீயைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. 1918இல் மலாக்காவில் பிறந்து, ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்து, காலனி அரசின் சமூக நலத் துறையில் வேலை பார்த்தார். லண்டன் பொருளியல் பள்ளியில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி, வளர்ச்சியடையாத நாடுகளில் தேசிய வருமானத்தை எப்படி மதிப்பிடுவது என்பது. கணக்குப் புத்தகமே வைக்காத வியாபாரிகள் நிறைந்த ஊரில் வருமானத்தை எப்படி எண்ணுவது என்பது சும்மா ஏட்டுச் சிக்கல் அல்ல. 1953–54இல் சிங்கப்பூர் நகர மக்களின் வருமானத்தையும் வீட்டு நிலையையும் கணக்கெடுத்த ஆய்வை நடத்தியவரும் அவரே. 1959இல் நிதி அமைச்சரானபோது, கையில் இருக்கும் எண்கள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை அவற்றைத் திரட்டிய அனுபவத்தில் அறிந்தவராக உட்கார்ந்தார். அமைச்சர்களில் இது அரிது.

அவருடைய இன்னொரு முடிவு முப்பது ஆண்டுக்கு மேல் நின்றது. 1971இல் நாணய ஆணையம் தொடங்கிய பிறகும், நோட்டு அச்சிடும் அதிகாரம் அதனிடம் தரப்படவில்லை. தனி நாணய வாரியத்திடம் இருந்தது. ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் வெளிநாட்டுச் சொத்து இருக்க வேண்டும், அரசாங்கம் நினைத்தபோது அச்சிட்டுச் செலவு செய்யக் கூடாது என்பதே எண்ணம். 2002 அக்டோபரில்தான் இரண்டும் இணைந்தன. 1980இல் ஆணையத்தின் தலைவரான பின், நாணயத்தை நிர்வகிக்கத் தேவையானதற்கு மேல் உள்ள கையிருப்பை நீண்டகால முதலீட்டுக்குப் பிரித்துவிட வேண்டும் என்ற வாதத்திலிருந்து 1981 மே மாதம் அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசி பிறந்தது. நாணய மாற்று விகிதக் கொள்கையும் ஜிஐசியும் ஒரே ஆண்டில் வந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது: எவ்வளவு கையிருப்பு போதும் என்று தெரிந்தால்தான் மிச்சத்தைப் பிரிக்க முடியும்.

லிம் சோங் யா வேறு வகை. மேசையை விட்டு எழாமலேயே மூன்று பக்கமும் பார்த்தவர். பேராசிரியராகவே இருந்துகொண்டு, 1972இல் அமைந்த தேசியச் சம்பள மன்றத்துக்கு 2001 வரை தலைவராக இருந்தார். முதலாளிகள், தொழிற்சங்கம், அரசாங்கம் மூவரும் உட்காரும் மன்றத்துக்கு மூவரிலும் சேராத ஒருவர் தேவைப்பட்டார். 1979 முதல் மூன்று ஆண்டுகள் மன்றம் பெரிய சம்பள உயர்வுகளைப் பரிந்துரைத்தது. மலிவு உழைப்பை நம்பிய தொழில்களை மேலே தள்ள வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அதன் பிறகும் சம்பளம் உற்பத்தித்திறனைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனது. ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளி கட்டும் சந்தா சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. 1985இல் சுதந்திரத்துக்குப் பின் முதல் பொருளியல் மந்தம். 1986இல் முதலாளியின் சந்தாவை ஒரேயடியாக 10 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள்.

இதில் பழியை யார்மேல் போடுவது என்பது இன்னும் முடியாத விவாதம். என் கணிப்பில், திசை தவறவில்லை. நிறுத்தும் நேரம்தான் தவறியது. சம்பளத்தை ஏற்ற ஒரு மன்றம் இருந்தது, இறக்க மத்திய சேம நிதியைத் தவிர வேறு கருவி இல்லை. மன்றத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழித்து, 2012இல், பேராசிரியர் லிம் மீண்டும் ஒரு குண்டு போட்டார்: மாதம் 1,500 வெள்ளிக்குக் கீழே வாங்குகிறவர்களின் சம்பளத்தை மூன்று ஆண்டில் 50 விழுக்காடு ஏற்றுங்கள், 15,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களின் சம்பளத்தை மூன்று ஆண்டு நிறுத்தி வையுங்கள். அரசாங்கம் ஏற்கவில்லை. அப்படி வெளிப்படையாகச் சொல்லும் சுதந்திரம் பேராசிரியர் மேசைக்கு மட்டும் உண்டு. அதிகாரி அதையே நினைத்தாலும் உள் குறிப்பில்தான் எழுத முடியும்.

முன்பு சொன்ன வழக்குக்குப் பிறகும் தர்மன் சேவையில் தொடர்ந்தார். லண்டன் பொருளியல் பள்ளி, கேம்பிரிட்ஜ், ஹார்வர்டு எனப் படித்தவர். 1982இல் நாணய ஆணையத்தில் சேர்ந்தவர். நடுவில் கல்வி அமைச்சில் பணி; 2001இல் ஆணையத்தின் நிர்வாக இயக்குநர். அதே ஆண்டு இறுதியில் பதவியை விட்டு ஜூரோங் குழுத்தொகுதியில் நின்று அரசியலுக்கு வந்தார். 2007 டிசம்பரில் நிதி அமைச்சரானார். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி.

2009 வரவுசெலவுத் திட்டத்தை வழக்கத்துக்கு முன்னதாக, ஜனவரி 22ஆம் தேதியே படித்தார்கள். 20.5 பில்லியன் வெள்ளித் தொகுப்பு. அதன் நடு அச்சு வேலை மானியத் திட்டம்: மத்திய சேம நிதிச் சந்தா கட்டும் ஒவ்வோர் உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பித் தரும். ஓர் ஊழியருக்கு மாதம் அதிகபட்சம் 300 வெள்ளி. காலாண்டுக்கு ஒரு முறை, அப்போது சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்.

1986இலும் 1999இலும் செய்ததுபோல் மத்திய சேம நிதியை வெட்டியிருக்கலாம். முதலாளியின் செலவு அதனாலும் குறையும். ஆனால் வெட்டினால் ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பும் வீட்டுக் கடன் தவணையும் அடிபடும். திரும்ப ஏற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். மானியம் ஊழியரின் கணக்கைத் தொடவில்லை. உச்சவரம்பை 2,500 வெள்ளியில் வைத்ததால், 1,500 வெள்ளி வாங்குகிறவருக்கு முழுச் சம்பளத்திலும் 12 விழுக்காடு. 6,000 வெள்ளி வாங்குகிறவருக்கு 5 விழுக்காடுதான். குறைந்த சம்பளக்காரரை வெளியே அனுப்புவது முதலாளிக்கு இழப்பாக ஆக்கப்பட்டது. ஓட்டை என்னவென்றால், யாரையும் நீக்கும் எண்ணமே இல்லாத லாபகரமான நிறுவனங்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. ஆராய்ந்து பிரித்துக் கொடுக்க நேரம் இல்லை. வேகத்துக்குக் கொடுத்த விலை அது. 2020இல் கொவிட் வந்தபோது இதே அச்சில் வேலை ஆதரவுத் திட்டம் வந்தது. உச்சவரம்பு 4,600 வெள்ளி, விகிதம் 25 முதல் 75 விழுக்காடு, துறைக்குத் துறை வேறுபாடு. முதல் முறை விட்ட ஓட்டையை அடைக்கும் முயற்சி அதில் தெரிகிறது.

பாதையில் கால் வைப்பவருக்கு

அரசாங்க உபகாரச் சம்பளத்தில் போகிறவர் முதலில் ஒப்பந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்தில் உள்ளூரில் படித்தால் 4 ஆண்டு, ஆங்கிலம் பேசாத வெளிநாட்டில் 5, ஆங்கிலம் பேசும் வெளிநாட்டில் 6. முறித்துக்கொண்டு போனால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். 22 வயதில் சேவைக்கு வருபவருக்கு 28 வரைகூடக் கட்டு இருக்கலாம் என்பதால், முனைவர் பட்ட எண்ணம் இருந்தால் எந்தக் கட்டத்தில் போவது என்பதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

நிர்வாகச் சேவை ஒரு வழி, நிபுணத்துவ வழி வேறு. நிர்வாகச் சேவையில் சில ஆண்டுக்கு ஒரு முறை அமைச்சு மாறும். போக்குவரத்து, சுகாதாரம், நிதி எனச் சுற்றுவதில் பரந்த பார்வை வரும், கணக்கு மாதிரி கட்டும் கை துருப்பிடிக்கும். நாணய ஆணையத்தின் பொருளியல் கொள்கைப் பிரிவிலோ வர்த்தக, தொழில் அமைச்சின் பொருளியல் பிரிவிலோ இருந்தால் அந்தக் கை கூர்மையாகவே இருக்கும். ஆனால் மேலே போகும் படிகள் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள் சிலரே. 2011 முதல் 2023 முடிய ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ரவி மேனன் அப்படி ஒருவர்: ஆணையத்தில் தொடங்கி, நிதி அமைச்சு, வர்த்தக, தொழில் அமைச்சு வழியாகத் திரும்ப ஆணையத்துக்கே வந்தார்.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவரைக் கவிழ்ப்பது பொருளியல் அல்ல, கணிதம். முதல் ஆண்டின் நுண்ணியல், பேரியல், பொருளியல் அளவையியல் மூன்றும் நிரூபணங்களில் ஓடும். இளநிலையில் நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் எடுக்காமல் போனால் முதல் ஆண்டுத் தகுதித் தேர்வில்தான் தெரியும், நேரம் கடந்த பிறகு. தமிழ்ப் பெற்றோர் பலரும் ‘ஆர்ட்ஸ்’ பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் படிப்பு மேல்நிலையில் இப்படி இருக்கிறது.

வங்கியிலிருந்து அரசாங்கத்துக்குத் திரும்புபவர்கள் உண்டு. டோனி டான் கணிதம் கற்பித்து, ஓசிபிசி வங்கிக்குப் போய், அமைச்சராகி, மறுபடி வங்கிக்குப் போய் அதன் தலைவராகி, துணைப் பிரதமராகத் திரும்பி, ஜிஐசிக்குப் போய், 2011இல் அதிபரானார். பொருளியல் படித்தவர் அல்ல. ஆனாலும் மூன்று மேசைக்கும் இடையே இத்தனை முறை நடந்தவர் வேறு யாரையும் சட்டென்று சொல்ல முடியாது.

இரண்டாவது சாவி

2009க்குத் திரும்புவோம். அந்தத் தொகுப்புக்கு நடப்பு அரசாங்கத்தின் பணம் போதவில்லை. முன்னைய அரசாங்கங்கள் சேர்த்த கையிருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அதிபரின் ஒப்புதல் வேண்டும். அரசாங்கத்திடம் ஒரு சாவி, அதிபரிடம் இரண்டாவது சாவி. 1991இல் அந்த ஏற்பாடு வந்ததிலிருந்து அதுவரை பொருளியல் நெருக்கடிக்காகக் கையிருப்பை யாரும் தொட்டதில்லை. நிதி அமைச்சர் தர்மன் தரப்பு கேட்டது, அதிபர் எஸ்.ஆர். நாதன் இணங்கினார். கடைசியில் சுமார் 4 பில்லியன் வெள்ளிதான் செலவானது. 2011இல் அரசாங்கம் அதைத் திரும்ப வைத்துவிட்டது.

2023 செப்டம்பர் 1ஆம் தேதி தேர்தலில் 70.4 விழுக்காடு வாக்குகளுடன் தர்மன் அதிபரானார். கேட்கும் இடத்திலிருந்தவர் இப்போது கொடுக்கும் இடத்தில். நாணய ஆணையத் தலைவராக 12 ஆண்டு, ஜிஐசி துணைத் தலைவராக இருந்த காலம், அனைத்துலகப் பண நிதியத்தின் நாணய, நிதிக் குழுவுக்கு 2011இல் தலைமையேற்ற முதல் ஆசியர் என்ற அனுபவம், எல்லாமே சாவியை எப்போது திருப்புவது என்று எடைபோட உதவும். ஆனால் அதிபர் அரசாங்கத்தின் பொருளியல் கொள்கையை மேடையில் விமர்சிக்க முடியாது. கொள்கை வகுக்கவும் முடியாது. பேசத் தெரிந்தவர் பேசாமல் காக்கும் மேசை அது.

அந்த மேசையில் இருக்கும் எண்ணும் வேறு வகை. நாணய ஆணையம் தன் வெளிநாட்டுக் கையிருப்பை மாதந்தோறும் சொல்கிறது. அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனம் தெமாசெக் தன் முதலீட்டு மதிப்பை ஆண்டுதோறும் சொல்கிறது. ஜிஐசி எவ்வளவு வைத்திருக்கிறது என்று அரசாங்கம் சொல்வதில்லை. ஆகவே மூன்றையும் கூட்டிய தொகை வெளியே யாருக்கும் தெரியாது. முதன்முதலில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ஓங் டெங் சியோங், கட்டடக் கலைஞர், கையிருப்பின் முழுப் பட்டியலைக் கேட்டார். நிலம், கட்டடம் ஆகியவற்றுக்கு வெள்ளிக் கணக்கில் மதிப்புப் போட்டு முடிக்க 56 மனித ஆண்டு உழைப்பு தேவைப்படும் என்று அவருக்குப் பதில் வந்தது. வெளியே இருப்பவர்கள் அந்த மொத்தத் தொகையை இன்றும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற எண்களைப்போல் அது காலை 8 மணிக்கு வெளியாவதில்லை.